காரியாலயத்தில் கோளும் கட்சியும்

சென்ற இராகி அறுவடைக் காலத்தில் நாம் அஞ்செட்டிக்குச் சென்றிருந்தோம். தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டின் ஊடே இறங்கிவரும் சாலை அஞ்செட்டியைத் தொட்டு, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லை நோக்கிச் செல்கிறது. சுற்றிலும் காடு. கதிர் முற்றும் நாட்களில் யானை இறங்கும் என்ற அச்சத்தால் நிலத்துக்காரர்கள் பரண் கட்டி, இரவெல்லாம் அதன்மேல் விழித்திருப்பது அப்பக்கத்து வழக்கம். ஒரு பரணில் குரல் எழுந்தால் அடுத்த பரண் அதை வாங்கி அதற்கடுத்த பரணுக்குக் கொடுக்கும். அன்றிரவு நாமும் ஒரு பரணின் அடியில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம்.

நம்மை அழைத்துச் சென்றவர் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுநாள் அங்கத்தினர். இராகியும் அவரையும் கொள்ளும் பயிரிடுகிறவர். சிறிதளவு முசுக்கொட்டையும் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். மகன் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றுக்குப் பேருந்தில் போய் வருகிறான். மகள் வெளியூரில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் காரியாலயத்தில் எழுத்தர். விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பெண்தான் பேச்சைத் திருப்பினாள்.

"ஐயா, யானை வந்தால் தெரிகிறது, சத்தம் போடுகிறோம். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் செய்வதற்கு எப்படிச் சத்தம் போடுவது?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். அங்கத்தினர் பேரேட்டை அவள் இரண்டு மாதம் உழைத்துச் சரிபார்த்தாள். அவளுக்கு மூத்த சிப்பந்தி ஒருவர் அதைத் தம் வேலையாக மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாராட்டுப் பெற்றார். பிறகு அதில் இரண்டு பிழைகள் கண்டபோது, "அது அந்தப் பெண் எழுதியது" என்றாராம். அதோடு நில்லாமல், அவளிடம் வந்து, "மேலாளர் உன்மீது கோபமாக இருக்கிறார், நீ இப்போது அவரைப் பார்க்காதே" என்று அன்போடு சொல்லிவிட்டும் போனார். தகப்பனார், "பேசாமல் இரு அம்மா, வேலை போய்விடும்" என்றார். நமக்கு அன்றிரவு சரியான விடை தோன்றவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது நம் பத்திரிகையின் அங்கத்தினர்களுக்குச் சேர்த்து எழுதுகிறோம்.

இதை அற்ப விஷயம் என்று தள்ளுவோர் உண்டு. "நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் நாலும் இருக்கும்" என்பார்கள். தனியார் கடையில் அது முதலாளியின் கவலை. சங்கத்திலோ காரியாலயம் நம்முடையது. அங்கே கட்சி கட்டினால் நூல் தாமதமாவதும், கடன் மனு மேசையில் கிடப்பதும், எடை குறைவதும் நமக்குத்தான். சங்கம் நொடிக்கையில் பணம் களவு போயிற்று என்கிறோம். அந்தக் களவை முதலில் கண்டவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று விசாரித்தால், அவனை முன்னமே யாரோ பேசாமடந்தையாக்கியிருப்பது தெரியவரும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் நன்கறிந்த ஒரு நெசவாளர் சங்கம் இருந்தது, பெயர் வேண்டாம். அதன் தலைவரும் காரியதரிசியும் நல்லவர்கள். நூல் கிடங்குப் பொறுப்பாளர் அவர்களிலும் நல்லவர். நடுவில் ஒரு கணக்கர். அவர் ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்பதுதான் வேடிக்கை. தலைவரிடம் போய், "காரியதரிசி இன்று உங்கள் ஊர் நெசவாளருக்கு நூல் இல்லை என்றார்" என்பார். காரியதரிசி சொன்னது, "இன்று யாருக்குமே நூல் இல்லை" என்பது. காரியதரிசியிடம் வந்து, "தலைவர் கிடங்குச் சாவியைப் பற்றிக் கேட்டார்" என்பார். தலைவர் கேட்டது, பூட்டு துருப்பிடித்துவிட்டதா என்று. பாதி உண்மை முழுப் பொய்யைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும் என்பதை அங்கேதான் கண்டோம். ஓராண்டுக்குள் தலைவரும் காரியதரிசியும் பேச்சை நிறுத்தினர். எல்லாச் செய்தியும் கணக்கர் வாய்வழியே நடக்கலாயிற்று. இருப்பில் மூன்று நூல் கட்டுகள் குறைகின்றன என்று கிடங்குக்காரர் எழுதிக் கொடுத்தபோது, அந்தத் தாள் இருவரில் ஒருவரையும் சென்று சேரவில்லை. மறுமாதம் அவரே குற்றவாளியாக நின்றார். மனம் வெறுத்து வேலையை விட்டார். பிறகு ஒரு திருமண வீட்டுப் பந்தியில் தலைவரும் காரியதரிசியும் அடுத்தடுத்த இலையில் உட்கார நேர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேசத் தொடங்கியவர்கள் கை காய்ந்தபின்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கிடங்குக்காரர் திரும்பி வரவில்லை.

எல்லைப்புறத்தில் இந்த நோய்க்கு இன்னொரு வசதியும் உண்டு. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் ஒரே அறையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து நடக்கும். பெருமைப்படத்தக்க வழக்கம் அது. என்றாலும் ஒருவர் கன்னடத்தில் சொன்னதை மற்றொருவர் தெலுங்கில் கேட்டு மூன்றாமவர் தமிழில் எடுத்துப்போகும்போது, 'கேட்டார்' என்பது 'சந்தேகப்பட்டார்' என்று ஆகிவிடுவது எளிது. திரித்தவரைப் பிடித்தால், "அந்தப் பாஷை எனக்கு அவ்வளவாக வராது" என்று தப்பிப்பார். இப்பக்கத்துச் சங்கங்களில் தீர்மானத்தை எழுதியவுடன் உரக்கப் படித்து, மற்ற மொழிக்காரருக்கும் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பத்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவே.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருக்குறளில் புறங்கூறாமை என்று ஓர் அதிகாரம் அறத்துப்பாலில் இருக்க, உட்பகை என்று மற்றோர் அதிகாரம் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். கோள் சொல்வது ஒருவனுடைய குணக்கேடு. ஒரு கூட்டத்தின் உள்ளே பகை முளைப்பதோ நிர்வாகத்தின் பாற்பட்டது; அதற்கு வேறு மருந்து தேவை.

அந்த மருந்தைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் நாம் அதைத் தேர்தல் முறை என்று மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். கட்சிப் பூசலுக்கும் கணக்கு மோசடிக்கும் கட்டிய அணையாகவும் அதைப் படிக்கலாம்.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். வாரியத்தில் இருக்க வேண்டியவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்கவேண்டும்; வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவி 360 நாள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது. அவர் மட்டுமா? சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று அவருடைய உறவினர் பலரையும் வரிசையாக எழுதி விலக்கிவிட்டார்கள். ஒருவன் வெளியே போய்த் தன் மைத்துனனை உள்ளே உட்கார வைக்கும் தந்திரம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சீட்டெடுக்கும் முறை இன்னும் சுவையானது. இளையோரும் முதியோருமாகச் சபை முழுவதும் கூடவேண்டும். முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கி நிற்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தவேண்டும்! வாசித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை மறுபடி வாசிக்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று எண்ணி விதி எழுதியவர்கள் மனிதரை வெறுத்தவர்கள் அல்லர். நல்லவன்மீது வீண் சந்தேகம் விழாதிருக்க வழி செய்தவர்கள். கணக்கெழுதுவோனுக்கும் ஒரு விதி: தான் எழுதிய கணக்கைத் தானே காட்டி, சுத்தன் என்று ஏற்கப்பட்ட பின்னரே மறுபடி கணக்கெழுதலாம், அவன் கணக்கை முடிக்க வேறு கணக்கன் புகுதல் ஆகாது. அஞ்செட்டிப் பெண்ணின் வழக்குக்கு இதைவிட நேரான தீர்ப்பு உண்டா? எழுதினவர் யாரோ அவரே காட்டட்டும்; புகழானாலும் பிழையானாலும் அவரையே சேரட்டும்.

அந்தச் சபை நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணர் சபை. பெண்களுக்கோ, உழுத கைகளுக்கோ அதில் இடமில்லை. அந்தக் குறையை மறைத்து அதைப் புகழ்வதில் நமக்குச் சம்மதமில்லை. கருவி நல்லது, அதை அன்று பிடித்தவர்கள் சிலரே. இன்று அங்கத்தினர் எல்லோரும் பிடிக்கலாம்.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் வேறு கோணத்தில் பார்க்கிறது. அரசன் பொருளை அதிகாரிகள் அபகரிக்கும் வழி நாற்பது என்று அது எண்ணிக் காட்டுகிறது. நீரில் திரியும் மீன் எப்போது நீர் குடிக்கிறது என்று அறிய முடியாததுபோல, காரியத்தில் அமர்ந்தவர் எப்போது பொருளை எடுக்கிறார் என்பதையும் அறிய முடியாது என்கிறது. அதிகாரிகள் ஒன்றுகூடிவிட்டால் தின்பார்கள், பிளவுபட்டால் காரியத்தைக் கெடுப்பார்கள் என்பதும் அதன் கருத்து. நம் அனுபவத்தில் இரண்டாவதைக் கண்டு அஞ்சுகிறோம். முதலாவதைக் கண்டு, "ஆஹா, என்ன ஒற்றுமையான காரியாலயம்" என்று மகிழ்ந்தும் போகிறோம். சண்டையே இல்லாத சங்கத்தின் தணிக்கை அறிக்கையைச் சற்றுக் கூடுதலாகவே வாசிக்கவேண்டும்.

நெசவாளர்களுக்கு நெருங்கிய கதை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. ராச்டேலில் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் கடை திறந்த முன்னோடிகளின் புகழைக் கேளாத அங்கத்தினர் இல்லை. அவர்கள் வழியில் வந்தோர் 1854-இல் ஒரு நூல் நெசவு ஆலைச் சங்கமும் தொடங்கினர். முதல் போட்டவர்களுக்கு மட்டுமன்றி, வேலை செய்தவர்களுக்கும் லாபத்தில் பங்கு என்பது அதன் கொள்கை. ஆலையைப் பெரிதாக்கப் பணம் வேண்டியிருந்தது. புதுப் பங்குதாரர்கள் நிறையச் சேர்ந்தார்கள். அவர்களில் பலருக்குக் கொள்கையில் அக்கறையில்லை, ஈவுத்தொகையில் அக்கறை. 1862-இல் அவர்களுடைய வாக்கு மிகுந்து தொழிலாளரின் லாபப் பங்கு ஒழிக்கப்பட்டது. யாரும் களவு செய்யவில்லை. விதிப்படியே எல்லாம் நடந்தது. உள்ளே வருபவர் யார், எதற்காக வருகிறார் என்று கேளாமல் கதவைத் திறந்து வைத்ததன் பயன் அது. நம் நாட்டிலும், ஆனந்தில் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன், 1973 முதல் நடந்துவந்த குஜராத் பால் விற்பனைக் கூட்டுறவுச் சம்மேளனத்தின் தலைமையை, அதன் இயக்குநர்களில் பெரும்பாலோர் எதிர்த்து நின்றதன்பேரில் 2006 மார்ச்சில் விட்டு விலகினார். யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. 1949-இல் வந்த மனிதர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தபின்னும் அது நேர்ந்தது என்பதை, சங்கத்தில் ஐந்தாண்டு உழைத்துவிட்டு, "என்னை யார் அசைப்பது" என்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, செய்யத்தக்கது யாது?

சிப்பந்திகளுக்கு முதலில் சொல்வோம். வாய்ச்சொல்லை அன்றே எழுத்தாக்குங்கள். "இன்று காலை தாங்கள் இன்ன வேலையை இன்னாரிடம் ஒப்படைக்கச் சொன்னீர்கள், அவ்வாறே செய்தேன்" என்று இரண்டு வரிக் குறிப்பு மேலாளருக்குப் போதும். அது குற்றச்சாட்டு அன்று. ஆகையால் யாரும் கோபிக்க முடியாது. எழுதிய ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். யாராவது வந்து, "அவர் உன்னைப்பற்றி இப்படிச் சொன்னார்" என்றால், முகம் மாறாமல், "வாருங்கள், இருவரும் போய் அவரிடமே கேட்டுவிடுவோம்" என்று எழுந்து நில்லுங்கள். நாம் பார்த்தவரையில் பத்தில் ஒன்பது பேர் எழுந்து வருவதில்லை. வெற்றுத் தாளில் கையொப்பம் இடாதீர்கள் என்பது பழைய புத்திமதி. அதன் புது வடிவம், கணினியின் கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லாதீர்கள் என்பது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பேரேட்டில் கையெழுத்தைக் கண்டு எழுதியவரை அறியலாம். கணினியில் உம் கடவுச்சொல் எழுதியதெல்லாம் நீர் எழுதியதே.

பெண் சிப்பந்திகளுக்குத் தொல்லை வேறு உருவத்தில் வருமானால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்கவேண்டும். அதற்குக் குறைவாயின் மாவட்டத்தில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுப்பது முறை. இதைக் காரியாலயச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று அங்கத்தினர்கள் அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

தலைவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. தனியே வந்து காதில் சொல்பவரை வளர்ப்பவர் நீங்களே. அவரிடம், "எழுதிக் கொடுங்கள், நாளை அவரையும் வைத்துக்கொண்டு பேசலாம்" என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை வரமாட்டார். ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா முறையீடும் கோள் ஆகாது. களவைக் கண்டு சொல்பவனையும், "கோள்மூட்டி" என்று பட்டம் கட்டித் துரத்துவதுதான் கைதேர்ந்தவர்களின் முதல் தந்திரம். எழுதிக் கையொப்பமிட்டு எதிரே நிற்பவனை நம்பலாம் என்பது பொது விதி. கூலிக்கு அஞ்சும் கடைநிலைச் சிப்பந்தி பெயர் சொல்ல நடுங்குவது இயல்பே. அவன் சொன்ன பொருளைச் சோதியுங்கள்; எடைக்கல்லை நிறுத்துப் பார்ப்பதற்கு அவன் பெயர் எதற்கு?

அங்கத்தினர்களாகிய நம் பங்கும் சிறிதன்று. காரியாலயக் கட்சிகளில் பாதி ஊரிலிருந்து நாம் கொண்டுபோய் விடுகிறவை. என் சாதிக்காரர் எழுத்தராக இருந்தால் என் மனு முன்னே நகரும், என் கட்சிக்காரர் கிடங்கில் இருந்தால் நல்ல நூல் எனக்கு வரும் என்று நாம் ஆளுக்கொரு சிப்பந்தியைச் சுவீகரித்துக்கொள்கிறோம். பிறகு அவர்கள் ஒருவரையொருவர் கவிழ்ப்பதைக் கண்டு வருந்துகிறோம்.

சட்டத்தில் நமக்கு உள்ள கைப்பிடிகளையும் அறிந்திருக்கவேண்டும். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டு 1988 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 81-ஆம் பிரிவின்படி பதிவாளர் சங்கத்தைப்பற்றி விசாரணை நடத்தலாம். உரிய எண்ணிக்கையில் அங்கத்தினர் கூடி வேண்டினாலும் நடத்தலாம். பொருளை இழக்கச் செய்தவரிடமிருந்து அதை ஈடுகட்ட 87-ஆம் பிரிவு இருக்கிறது. சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் நிகழும் பிணக்குகளுக்கு 90-ஆம் பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்தைச் சங்கத்தின்மீதே நேராகப் பயன்படுத்தலாம் என்று பலர் எண்ணுகின்றனர். கேரளத்துத் தலப்பலம் சங்க வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசின் கணிசமான நிதியோ ஆழ்ந்த கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின் கீழ் வாராது என்று கூறிவிட்டது. ஆனால் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறத்தக்க தகவலை அவர் வழியே கேட்கலாம். இவை கடைசிக் கதவுகள். முதற்கதவு பொதுப் பேரவை. தணிக்கை அறிக்கை படிக்கப்படும் வேளையில் காப்பியும் பலகாரமும் வந்துவிட்டால் நாம் எழுந்துவிடுகிறோம். அந்தப் பலகாரம் அந்த வேளைக்கு ஏன் வந்தது என்று ஒருமுறையாவது யோசிக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் அஞ்செட்டியிலிருந்து அந்தத் தகப்பனார் தொலைபேசியில் பேசினார். யானை இவ்வாண்டு அவருடைய நிலத்தில் கால் ஏக்கர் இராகியை மிதித்துவிட்டதாம். மீதியைக் களத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மகளைப்பற்றிக் கேட்டோம். மேலாளருக்கு மூன்று வரிக் குறிப்பு எழுதிக் கொடுத்தாளாம். பிழை இரண்டும் தன்னுடையவை என்றும், பேரேடு முழுவதும் தன் வேலை என்றும், திருத்தித் தர இரண்டு நாள் வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தாள். மூத்த சிப்பந்தி ஒன்பது நாளாக அவளோடு பேசுவதில்லை. மேலாளர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை; குறிப்பின் ஓரத்தில், "பார்த்தேன்" என்று எழுதித் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்திருக்கிறார். இப்போது பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவளுடைய இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் இருக்கிறது.